எவ்வளவு தாழ்த்தலாம்? பேஸ் கிட்டாரும் கோலார் தங்கவயலும்

கோலார் தங்கவயலில் 1912ஆம் ஆண்டிலேயே நிலநடுக்கமானி ஒன்று நிறுவப்பட்டது. தொலைதூர நிலநடுக்கங்களைவிட, காலடியில் வெடிக்கும் பாறைகளே அதற்குக் காரணம். தோண்டத் தோண்ட மேற்பாறையின் அழுத்தம் கூடும்; ஓர் எல்லைக்குப் பின் சுரங்கச் சுவர் முன்னறிவிப்பின்றி உடைந்து சிதறும். அத்தகைய பாறைவெடிப்புகளில் தொழிலாளர் பலர் மாண்டனர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் இறுதியில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த அதிர்வின் பெரும்பகுதி காதுக்குரியதன்று. தரையும் சுவரும் உடலுமே அதை உணரும். ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே மனிதச் செவி எதையும் சுரமாகக் கேட்பதில்லை. கனத்த ராக் இசையில் பேஸ் கிட்டாரின் சுருதி அரை நூற்றாண்டாக நெருங்கிக்கொண்டிருப்பது இந்த எல்லையைத்தான்.

லியோ ஃபெண்டர் 1951இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ், 34 அங்குலத் தந்தி நீளமும் நான்கு தந்திகளும் கொண்டது. அதன் மிகத் தாழ்ந்த தந்தி ‘ஈ’, அதிர்வெண் 41.2 ஹெர்ட்ஸ். இதிலிருந்து கீழே இறங்கும் வரலாறு ஒரு தொழிற்சாலை விபத்தோடு பிணைந்தது. 1965இல் பர்மிங்காமின் உலோகத் தகட்டுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த பதினேழு வயது டோனி அயோமி, இரண்டு விரல் நுனிகளை இயந்திரத்தில் இழந்தார். இடக்கைப் பழக்கமுடையவர் என்பதால், சிதைந்த வலக்கைதான் தந்தியை அழுத்த வேண்டிய கை. உருக்கிய பிளாஸ்டிக்கில் விரல் உறை செய்துகொண்டார். மெல்லிய தந்திகளை மாட்டினார். பின்னர் தந்திகளைத் தளர்த்தினார். 1971இல் வெளியான பிளாக் சப்பாத் குழுவின் மூன்றாம் இசைத்தொகுப்பில் மூன்று அரைச்சுரங்கள் இறங்கிய சுருதி ஒலித்தது. கீஸர் பட்லரின் பேஸும் உடன் இறங்கியது. (அதே 1965இல்தான் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஒசாகா, டர்ஹாம் பல்கலைக்கழகங்களின் இயற்பியலாளர்கள் காஸ்மிக் கதிர்களின் இரைச்சலிலிருந்து தப்ப சாம்பியன் ரீஃபின் ஆழத்திற்குச் சென்று, வளிமண்டல நியூட்ரினோவைப் பதிவு செய்தனர். தற்செயல்தான், ஆயினும் நினைவில் வைக்கத்தக்கது.)

இங்கே ஒரு பிழையான கருத்தைத் திருத்த வேண்டும். தாழ்ந்த சுருதிதான் இசையைக் கனமாக்கியது என்பர். ஆனால், 1970இல் வெளிவந்த அக்குழுவின் முதல் தொகுப்பு வழக்கமான சுருதியிலேயே வாசிக்கப்பட்டது. அதன் கனத்தை எவரும் மறுத்ததில்லை. சுருதி இறங்கியதற்கு முதற்காரணம் அழகியல் அன்று, வலி. வலியின் தீர்வு பின்னர் ஒரு பாணியாக உறைந்தது.

தந்தியின் இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு நேர்விகிதமானது. மூன்று அரைச்சுரங்கள் இறக்கினால் அதிர்வெண் 34.6 ஹெர்ட்ஸாகக் குறையும். இழுவிசையோ ஏறத்தாழ 71 விழுக்காடாகச் சரியும். ‘பி’ வரை, அதாவது 30.9 ஹெர்ட்ஸ் வரை இறக்கினால் எஞ்சுவது 56 விழுக்காடு. தளர்ந்த தந்தி மெட்டுகளில் மோதிச் சலசலக்கும். ஓங்கித் தட்டினால் சுரம் முதலில் மேலேறிப் பின் இறங்கும். ஆகவே, தடித்த தந்தி, ஐந்தாம் தந்தி, நீண்ட கழுத்து என்று கருவியே மாறியது. 1994இல் வெளியான கார்ன் குழுவின் முதல் தொகுப்பில் ஐந்து தந்தி பேஸ் ‘ஏ’ வரை, 27.5 ஹெர்ட்ஸ் வரை இறங்கியது. பின்னர் மெஷுகா குழு எட்டுத் தந்தி கிட்டாரை ‘எஃப்’ சுருதிக்குக் கொண்டுவந்தபோது, கிட்டாரே 43.7 ஹெர்ட்ஸைத் தொட்டு பேஸின் வீட்டு வாசலில் வந்து நின்றது. பேஸ் அதற்கு ஒரு ஸ்தாயி கீழே போக வேண்டுமானால் 21.8 ஹெர்ட்ஸ். அங்கே சுரம் இல்லை, நடுக்கம் மட்டுமே. சிறிய ஒலிபெருக்கிகள் 40 ஹெர்ட்ஸையே ஒழுங்காகத் தருவதில்லை. மேற்சுரங்களைக் கொண்டு செவிதான் இல்லாத அடிச்சுரத்தை ஊகித்துக்கொள்கிறது. ஒரு கட்டத்துக்கு மேல் தாழ்த்துவது என்பது கேட்பவரின் மூளையிடம் கடன் வாங்குவது.

தமிழ் இசை மரபின் சொற்களோடு இதை ஒப்பிட்டால் ஒரு தலைகீழ் மாற்றம் புலப்படும். மூன்று ஸ்தாயிகளுக்குத் தமிழில் மெலிவு, சமன், வலிவு என்று பெயர். தாழ்ந்தது மெலிவு, உயர்ந்தது வலிவு. கனத்த இசையிலோ தாழ்ந்ததே வலியது. இதை வெறும் பண்பாட்டு வேறுபாடு என்று கடந்துவிட முடியாது. ஒலிபெருக்கி இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசையை எட்டியது கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் போன்றோரின் உச்சக்குரல். பறையை நெருப்பில் காய்ச்சுவதும் அதே காரணத்தால்தான்: தோல் விறைத்துச் சுருதி ஏறினால் தெருக்கோடி வரை கேட்கும். திறந்த வெளியில், கருவி அளவே துணையாக இருக்கும்போது, மேலே ஏறுவதே வலிமை. தாழ்ந்த ஒலி வலிமை பெற மின்சாரம் வேண்டும்.

மின்சாரம் தங்கவயலுக்கு 1902இலேயே வந்தது. சிவசமுத்திரத்தில் காவிரி நீரால் உற்பத்தியான மின்னாற்றல் சுமார் 147 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பியில் கடத்தப்பட்டது. அந்நாளில் உலகின் மிக நீண்ட மின்கடத்தல்களுள் ஒன்று. ஜான் டெய்லர் நிறுவனத்தின் சுரங்க இயந்திரங்களை ஓட்டுவதற்கே அது கொண்டுவரப்பட்டது. வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்து வந்து கீழே இறங்கிய தொழிலாளருள் பெரும்பான்மையினர் ஆதிதிராவிடர். அவர்களிடையே அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் வேரூன்றியது. அவர் தொடங்கிய ‘தமிழன்’ இதழ் 1926இல் ஜி. அப்பாதுரையார் முயற்சியால் சாம்பியன் ரீஃபிலிருந்து மீண்டும் வெளிவந்தது.

‘தாழ்’ தன்வினை, ‘தாழ்த்து’ பிறவினை. ‘தாழ்ந்தோர்’ என்ற சொல்லை விலக்கித் ‘தாழ்த்தப்பட்டோர்’ என்பதை வழங்கியவர்களுக்கு இந்த விகுதி ஓர் அரசியல்: தாழ்வு இயல்பன்று, எவரோ செய்தது. சுருதியைக் குறிக்கும் பேச்சிலும் இவ்வேறுபாடு பயன்படுகிறது. தளர்ந்த தந்தி தானே தாழ்கிறது. கலைஞர் அதைத் தாழ்த்தும்போது எவ்வளவு, எதற்காக என்ற கேள்விகளுக்கு விடை சொல்லியாக வேண்டும். அயோமியிடம் விடை இருந்தது. பின்வந்த பலரிடம் இருந்தது போட்டி மட்டுமே. 2018இல் சென்னையில் முதல் மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவில் பறையும் கானாவும் மின்கிட்டாரும் ஒரே ஒலிபெருக்கிகளின் வழியே ஒலித்தன. அங்கே கனம் தாழ்ந்த சுருதியை நம்பி நிற்கவில்லை. காய்ச்சிய பறையின் உயர்ந்த வெடிப்பும் அதே அளவு கனத்தது.

சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டன. நீரிறைக்கும் இயந்திரங்கள் நின்றதும் சுரங்கவழிகள் மெல்ல நிரம்பின. தங்கவயலின் இளைஞர்கள் மாரிக்குப்பத்தில் ரயிலேறி ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு நாள்தோறும் வேலைக்குச் செல்லத் தொடங்கினர். அந்நகரின் அரண்மனை மைதானத்தில் 2007இல் அயர்ன் மெய்டனும் 2011இல் மெட்டாலிகாவும் வாசித்தனர். தங்கவயலில், நீர் புகுந்த வெற்றிடங்களைச் சுற்றியுள்ள பாறை சுரங்கம் மூடிய பின்னும் அவ்வப்போது நகர்கிறது. அந்த அதிர்வுகளைக் கருவிகள் தொடர்ந்து பதிவு செய்துள்ளன.