ஐஸும் அம்மோனியாவும் பாம்பன் காற்றும்

பாம்பனில் ஐஸ் வருவதற்கு முன் உப்புதான் எல்லாம். வடகடலில் பட்ட மீனும் தென்கடலில் பட்ட மீனும் கரை சேர்ந்து, அன்றைக்கு விற்றது போக மிச்சமெல்லாம் உப்புக்கும் வெயிலுக்கும் போகும். காய்ந்த கருவாடு இலங்கைக்குக் கப்பலேறும். 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறந்து, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் ஓடத் தொடங்கியபோது கருவாட்டு மூட்டைக்கு நல்ல வழி கிடைத்தது. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது அந்த வழியும் அழிந்தது.

அதற்குள் கடல் தொழில் மாறத் தொடங்கியிருந்தது. 1952இல் கொல்லம் பக்கம் நீண்டகரையில் ஆரம்பித்த இந்திய-நார்வே மீன்பிடித் திட்டம் அறுபதுகளில் மண்டபம் வரை வந்தது. பாய்மர வத்தைகளுக்கு நடுவே விசைப்படகுகள் நின்றன. வெளிநாட்டுச் சந்தை இறாலுக்கு விலை வைத்தது. இறாலைக் கருவாடு போட்டு அந்த விலை வாங்க முடியாது. பட்ட நிமிஷத்திலிருந்து குளிரில் இருக்க வேண்டும். அப்படித்தான் இந்தக் கரையில் ஐஸ் கம்பெனிகள் முளைத்தன.

அந்தக் கம்பெனிகளில் ஒன்றில் கம்ப்ரஸர் ஓட்டிச் சம்பாதித்தவன் நான். எங்கள் தொழிலைப் பற்றி எழுதுகிறவர்கள் படகையும் வலையையும் எழுதுவார்கள். ஐஸ் பாருக்குப் பின்னால் இரும்புக் குழாய்க்குள் ஓடுகிற அம்மோனியாவை யாரும் எழுதுவதில்லை. அது வெளியே வந்தால் என்ன செய்வது என்ற அறிவு எங்களுக்கு எப்படி வந்தது, எங்கே நின்றுபோனது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சென்னை மக்கள் 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலில் வரவழைத்தார்கள். அதைச் சேமிக்க 1842இல் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. ஜெர்மனியில் கார்ல் வான் லிண்டே 1870களில் அம்மோனியா கம்ப்ரஸரைச் செய்த பிறகு, எந்த வெயில் ஊரிலும் பனிக்கட்டி செய்யலாம் என்றானது. நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் பெரிய அளவில் ஐஸ் போட அம்மோனியாவை விடச் சிக்கனமான சரக்கு குறைவு. அது மைனஸ் 33 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். ஆவியாகும்போது சுற்றியிருக்கும் உப்புக் கரைசலின் சூட்டை இழுத்துக்கொள்ளும். அந்தக் கரைசலில் நல்ல தண்ணீர் நிரப்பிய தகரக் கேன்களை இறக்கி வைத்தால் ஏறக்குறைய ஒரு நாளில் உறைந்து பாராகிவிடும்.

இவ்வளவு உதவுகிற சரக்கு, குழாயை விட்டு வெளியே வந்தால் ஆளைத் தேடி வரும். அம்மோனியாவுக்குத் தண்ணீர் என்றால் அவ்வளவு ஆசை. கண்ணீரிலும் தொண்டை ஈரத்திலும் நுரையீரல் ஈரத்திலும் கரைந்து காரமாகி அரிக்கும். அமிலம் பட்ட இடம் மேலோடு வெந்து நிற்கக்கூடும். காரம் உள்ளே இறங்கிக்கொண்டே போகும். கண்ணில் பட்டால் பார்வையையே பறிக்கும். காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்கு இருந்தால் எட்டு மணி நேரம் வேலை பார்க்கலாம் என்பது பொதுவான வரம்பு. 300 பங்கு என்றால் உயிருக்கே ஆபத்து. அதற்கு வெகு முன்பே மூக்கு சொல்லிவிடும் என்பதுதான் இந்த வாயுவிடம் உள்ள ஒரே நல்ல குணம்.

எங்கள் கரைக்கு இதில் தனிச் சங்கடம் ஒன்று உண்டு. இங்கே காற்றே உப்பு. இந்தக் கரையில் இரும்பு எவ்வளவு சீக்கிரம் அரிபடும் என்று பார்க்க, காரைக்குடி சிக்ரி ஆராய்ச்சி நிறுவனம் மண்டபம் முகாமில் உலோகத் தகடுகளைத் திறந்த வெளியில் மாட்டிவைத்துச் சோதித்தது. 1914இன் பாலத்தில் துருவை எதிர்த்துப் பெயின்ட் அடிக்கிற வேலை ஓய்ந்ததே இல்லை. கடைசியில் 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்தி, 2025 ஏப்ரல் 6இல் புதிய பாலத்தைத் திறந்தார்கள். அதே காற்றுதான் ஐஸ் கம்பெனிக் குழாயையும் தின்கிறது. பாலத்தின் துரு கண்ணுக்குத் தெரியும். குளிர்க் குழாயைச் சுற்றித் தெர்மோகோலும் தாரும் பூசியிருப்பதால், உள்ளே ஈரம் இறங்கிப் பிடிக்கிற துரு தெரியாது. மேலே பார்த்தால் பூச்சு நன்றாக இருக்கும். பிரித்தால் இரும்பு பிஸ்கட் மாதிரி உதிரும்.

பழைய ஆப்பரேட்டர்களுக்குப் பயிற்சி வகுப்பு எதுவும் கிடையாது. எங்களிடம் இருந்தது கைப்பழக்கம். இலேசாக வாடை வந்தால் கந்தகக் குச்சியைக் கொளுத்தி, ஒவ்வொரு வால்வு, ஒவ்வொரு பிளாஞ்சு ஓரமாகக் கொண்டுபோவோம். கசிவு இருக்கும் இடத்தில் கந்தகப் புகையும் அம்மோனியாவும் சேர்ந்து வெள்ளையாகத் திரளும். ஊசிமுனை ஓட்டையைக்கூட அது காட்டிக்கொடுக்கும். நெடி அதிகமாக இருந்தால் குச்சியைத் தொடக் கூடாது. அம்மோனியா அளவு மீறினால் அதுவே தீப்பிடிக்கும்.

அதைவிடப் பயந்து செய்த வேலை எண்ணெய் இறக்குவது. கம்ப்ரஸரிலிருந்து போகும் எண்ணெய் அம்மோனியாவோடு கலக்காமல், திரவ அம்மோனியா நிற்கும் ரிசீவர் தொட்டியின் அடியில் தங்கும். அதை அவ்வப்போது வாளியில் இறக்க வேண்டும். வால்வை மயிரிழை திறந்தால் கருத்த எண்ணெய் நுரைத்து இறங்கும். எண்ணெய் தீர்ந்த நொடியில் அதே வழியில் திரவ அம்மோனியா சீறும். ஒரு பங்கு திரவம் ஏறக்குறைய 850 பங்கு வாயுவாக விரியும். அப்போது வால்வில் கை இல்லாதவன் திரும்ப வால்வு வரை போக முடியாது. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மேஸ்திரி அண்ணன், எண்ணெய் இறக்கும்போது டீ வந்தாலும் எழுந்திருக்க விட மாட்டார். எதிரே இன்னொரு ஆள் ஈரத் துண்டோடு நிற்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும், ஓடும் வழியில் கேன் எதுவும் கிடக்கக் கூடாது. வேலையைத் தொடங்கும் முன் வெளியே போய் ஒரு பிடி மணலை அள்ளித் தூவிப் பார்ப்பார். “தம்பி, மூக்கு சொன்னா காலு கெளம்பணும். எந்தப் பக்கம்னு காத்துகிட்டதான் கேக்கணும்” என்பார்.

அந்த வார்த்தையில் பாம்பனின் அறிவு முழுக்க இருக்கிறது. ஆனி, ஆடியில் கச்சான் தென்மேற்கிலிருந்து அடிக்கும். அப்போது தென்கரையில் கசிந்த வாயு ஊருக்குள் புகுந்து வடகரைக்குப் போகும். கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று எதிர்ப்பக்கம் தள்ளும். அதனால் ஓடும் திசை மாசத்துக்கு மாசம் மாறும். காற்றோடு ஓடினால் வாயுவும் கூடவே வரும். அடிக்கிற காற்றுக்குக் குறுக்கே நகர்ந்து மேகத்தை விட்டு விலகி, பிறகு காற்று வரும் பக்கம் போக வேண்டும். அம்மோனியா காற்றைவிட இலேசு, மேலே போய்விடும் என்று சிலர் நம்புகிறார்கள். திரவமாகச் சீறும்போது அது ஈரக் காற்றோடு சேர்ந்து வெள்ளைப் பனியாகித் தரையோடு தவழும். கடற்கரை ஈரத்தில் அந்தப் பனி கலைய நேரமாகும்.

வாயுவும் காற்றும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று உலகம் முதலில் பெரிய அளவில் பார்த்தது போர்க்களத்தில். 1915 ஏப்ரல் 22இல் பெல்ஜியத்தின் ஈப்ர் அருகே ஜெர்மன் படை, சாதகமான காற்றுக்காகக் காத்திருந்து குளோரினைத் திறந்துவிட்டது. நாலு நாள் கழித்து அதே களத்தில் இறங்கிய லாகூர் டிவிஷனின் இந்தியச் சிப்பாய்களும் வாயுவில் மாட்டினார்கள். நனைத்த துணியை மூக்கில் கட்டியதுதான் அப்போதைய பாதுகாப்பு. அந்தக் குளோரின் தாக்குதலை முன்னின்று நடத்திய ஃபிரிட்ஸ் ஹேபர்தான், காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து அம்மோனியா செய்யும் வழியையும் கண்டுபிடித்தவர். உரமும் ஐஸும் தந்த அறிவும் உயிரைக் குடித்த அறிவும் ஒரே மனிதரிடம் இருந்தன.

1984 டிசம்பர் 2 நள்ளிரவில் போபாலில் நடந்தது நமக்கெல்லாம் தெரியும். சுமார் 40 டன் மீத்தைல் ஐசோசயனேட் வெளியேறி ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. ஊருக்குக் கேட்கிற சங்கை ஊதிய கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிட்டார்கள் என்பது எனக்கு இன்றும் ஆறாத கோபம். எந்த வாயு, எந்தப் பக்கம் போகிறது, என்ன செய்ய வேண்டும் என்று ஒருவரும் சொல்லாததால் ஜனங்கள் காற்று போன பக்கமே மூச்சிரைக்க ஓடினார்கள். மறு வருஷம் டிசம்பரில் டெல்லி ஸ்ரீராம் ஆலையில் ஓலியம் என்ற கடும் அமிலம் கசிந்தது. அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆபத்தான தொழில் நடத்துபவர் எந்தச் சாக்கும் சொல்ல முடியாது, முழுப் பொறுப்பும் அவருக்கே என்று சட்டம் வகுத்தது.

பிறகு விதிகள் வரிசையாக வந்தன. 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 1989இல் அபாய ரசாயன விதிகள், 1996இல் ரசாயன விபத்து அவசரத் திட்ட விதிகள். ஆலைக்குள் ஒரு திட்டம், ஆலைக்கு வெளியே மாவட்ட நிர்வாகத்தின் ஒரு திட்டம், ஒத்திகை, ஊருக்கு முன்கூட்டியே தகவல் என்று எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் அந்தக் கடமைகள் சரக்கின் அளவை வைத்துத்தான் தொடங்குகின்றன. அம்மோனியாவுக்கு அந்த அளவு 50, 60 டன். கடற்கரை ஐஸ் கம்பெனியின் சரக்கு அதற்குப் பக்கத்திலேயே வராது. தொழிற்சாலைகளுக்கான பாதுகாப்புச் சட்டம் எங்களுக்கும் உண்டு. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் வலை பின்னுகிற அக்காவுக்கு எந்தத் திட்டமும் எழுதப்படவில்லை. வாயு டன் கணக்குப் பார்த்து மூச்சுக்குள் போவதில்லை.

பெரிய ஆலை இருக்கும் இடத்தில் எழுதிய திட்டமும் ஊரை எட்டாமல் போகலாம் என்பதை எண்ணூர் காட்டியது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு நெருங்கும் நேரத்தில், கப்பலிலிருந்து உர ஆலைக்குப் போகும் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மீனவக் குடும்பங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ரோட்டுக்கு ஓடின. அந்த மாத ஆரம்பத்து மிக்ஜாம் புயலில் நகர்ந்த பாறைகள் குழாயைச் சேதப்படுத்தியிருக்கலாம் என்று ஆய்வுக் குழு சொன்னது. 2024 ஜூலையில் தூத்துக்குடி அருகே ஒரு மீன் பதப்படுத்தும் ஆலையில் அம்மோனியா பரவி, சுமார் 30 பெண் தொழிலாளர்கள் மூச்சுத் திணறி விழுந்தார்கள். அது எங்கள் தொழில், எங்கள் கடல். அங்கே நடந்தது இங்கே நடக்காது என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

முன்னெச்சரிக்கை என்பது பாம்பனுக்குப் புதிதில்லை. துறைமுகத்தில் எந்த எண் கூண்டு ஏறியது என்று ரேடியோவில் கேட்டே வளர்ந்த தலைமுறை நாங்கள். 1865இல் கல்கத்தா துறைமுகத்தில் தொடங்கிய புயல் எச்சரிக்கை முறை இந்தக் கரை வரை வந்து, எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரிகிற வழக்கமாகிவிட்டது. கூண்டைப் பார்த்தால் எந்தப் படகும் போகாது. வாயுவுக்கும் அப்படி ஒரு வழக்கத்தை உண்டாக்க முடியும்.

அதற்குப் பெரிய செலவில்லை. ஒவ்வொரு ஐஸ் கம்பெனி மாடியிலும் காற்றுத் திசை காட்டும் ஆரஞ்சுத் துணிப்பை ஒன்று பறக்கட்டும். ஊர் முழுக்கக் கேட்கிற, கோயில், சர்ச், பள்ளிவாசல் ஒலியோடு குழம்பாத ஒரு சங்கு வேண்டும். கதவுக்கு வெளியே குளிக்கவும் கண் கழுவவும் தண்ணீர்க் குழாய் வேண்டும். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிஷம் விடாமல் கழுவ வேண்டும், ஆஸ்பத்திரி அதற்குப் பிறகுதான். உருளையோடு கூடிய மூச்சுக் கருவி இரண்டு வேண்டும். அவை கம்ப்ரஸர் ரூமுக்குள் இருந்தால் பயனில்லை, வெளியே இருக்க வேண்டும். வாயு மேகத்தின் மேல் தண்ணீரைத் திரையாக அடிக்கலாம், தேங்கிய திரவத்தின் மேல் அடிக்கக் கூடாது, அடித்தால் இன்னும் கொதித்துக் கிளம்பும் என்பதைத் தீயணைப்பு வீரர்கள் மட்டுமல்ல, லோடு ஏற்றுகிறவர்களும் தெரிந்திருக்க வேண்டும். தீயணைப்பு வண்டி ராமேஸ்வரத்திலிருந்தோ பாலம் தாண்டியோ வர வேண்டும். தேசியப் பேரிடர் மீட்புப் படை இருப்பது அரக்கோணத்தில். முதல் பத்து நிமிஷம் முழுக்க எங்கள் கையில்தான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கம்பெனிகள் ஓய்ந்து, மெஷின்கள் பழுது பார்க்கப்படும் காலம் அது. தடை முடிந்ததும் எல்லாப் படகும் ஒரே நேரத்தில் ஐஸ் கேட்கும். ஆறின குழாயில் முழு அழுத்தம் ஏறும். கச்சானும் அப்போதுதான் வலுக்கும். ஆகவே ஜூன் 14க்கு முன் ஒரு சாயங்காலம் கம்பெனி ஆட்களும் தீயணைப்புத் துறையும் பக்கத்துத் தெரு ஜனங்களும் சேர்ந்து ஒத்திகை பார்க்க வேண்டும். பூச்சைப் பிரித்துக் குழாயைக் காட்டிய பிறகே மெஷின் ஓட வேண்டும். ஐஸ் பார் ஏற்றுகிற தம்பிக்கும், சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற அக்காவுக்கும் அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் என்று தெரிந்திருக்க வேண்டும். இதை மாவட்ட நிர்வாகம் உத்தரவாகப் போட வேண்டும் என்று கேட்கிறேன். அந்த உத்தரவு வரும் வரை காத்திருக்காமல் இந்த வருஷமே செய்யலாம் என்றும் எங்கள் ஓனர்களிடம் கேட்கிறேன்.