போஸ்ட்-ராக்

கிட்டார், பேஸ், டிரம்ஸ் என ராக் இசையின் கருவிகளையே வைத்துக்கொண்டு, ராக் பாடலின் பல்லவி-சரண அமைப்பைக் கைவிட்ட இசைவகை போஸ்ட்-ராக். பெரும்பாலும் பாடகர் இருப்பதில்லை. லண்டனின் டாக் டாக் குழு, விற்பனையில் கைகொடுத்த பாப் பாணியைத் துறந்து 1988-இல் வெளியிட்ட ‘ஸ்பிரிட் ஆஃப் ஈடன்’ தொகுப்பும், அமெரிக்காவின் லூயிவில் நகரைச் சேர்ந்த ஸ்லிண்ட் குழுவின் ‘ஸ்பைடர்லேண்ட்’ (1991) தொகுப்பும் இதன் முன்னோடிகள். பிந்தையது வந்த வேளையில் கவனிப்பாரின்றிக் கிடந்தது.

பெயரைப் பரவலாக்கியவர் பிரிட்டிஷ் விமர்சகர் சைமன் ரெனால்ட்ஸ் (1994). அந்த முத்திரை குத்தப்பட்ட குழுக்கள் பலவற்றுக்கு அது பிடிக்கவில்லை என்பது வேறு கதை. சிகாகோவின் டார்ட்டாய்ஸ் ஜாஸையும் மின்னணு இசையையும் கலந்தது. கிளாஸ்கோவின் மொக்வாய், மாண்ட்ரியலின் காட்ஸ்பீட் யூ! பிளாக் எம்பரர் ஆகியவை வேறு வழியில் சென்றன: காதைத் தீட்டிக் கேட்க வேண்டிய மெல்லொலியில் தொடங்கி, பல நிமிடங்கள் அடுக்கடுக்காக வளர்ந்து, பேரிரைச்சலாக வெடிக்கும் பாணி அது. இவ்வகையின் ஈர்ப்பு பெரிதும் இந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது. சொற்கள் இல்லாததால் இன்ன உணர்ச்சி என்று யாரும் கட்டளையிடுவதில்லை. ஐஸ்லாந்தின் சிகுர் ரோஸ், பாடும்போதும் பல இடங்களில் பொருளற்ற ஒலிகளையே பாடியது.

2000-க்குப் பின் அந்த வெடிப்பே எதிர்பார்த்த சூத்திரமாகிச் சலிப்பும் தட்டியது. திரைப்படங்களோ இதை விரும்பி ஏற்றன. ‘ஃபிரைடே நைட் லைட்ஸ்’ (2004) படத்துக்கு டெக்சஸின் எக்ஸ்ப்ளோஷன்ஸ் இன் த ஸ்கை குழு இசையமைத்தது.