மரணச் சான்றிதழ் என்னும் பிரதி

மரணச் சான்றிதழும் ஒரு பிரதிதான். அது என்ன சொல்கிறது என்பதோடு எதைச் சொல்லாமல் விடுகிறது என்றும் சேர்த்தே வாசிக்க வேண்டியிருக்கிறது. லண்டன் நகரம் எழுதிவந்த பிரதியைத்தான் இங்கே புரட்டிப் பார்க்கிறேன்.

1952 டிசம்பர் 5. கடுங்குளிர். காற்று அசையவில்லை. வீட்டுக் கணப்புகளும் மின் நிலையங்களும் கக்கிய கரிப்புகை மேலே போக வழியில்லாமல் ஊருக்குள்ளேயே ஐந்து நாள் தேங்கியது. இதற்கு 'ஸ்மாக்' என்று பெயர். புகையையும் மூடுபனியையும் ஒட்டவைத்த சொல். 1905இல் டெ வூ என்ற மருத்துவர் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. சொல்லிலேயே பாதிப் பழி பனியின் தலையில் விழுந்துவிட்டது பாருங்கள்.

எரிந்தது என்ன கரி? போர்க்கடனில் இருந்த அரசு நல்ல கரியை ஏற்றுமதி செய்துவிட்டு, தூளும் துண்டுமான மட்டக் கரியைச் சொந்த சனங்களுக்கு விட்டது. அதற்கான ரேஷன் கட்டுப்பாட்டை நீக்கியது அதே டிசம்பர் 1ஆம் தேதி. வானிலையைக் குற்றம் சொன்னவர்கள் இந்தக் கணக்கைப் பேசுவதில்லை.

செத்தவர்களில் பெரும்பாலோர் வயசானவர்கள், கைக்குழந்தைகள், ஏற்கெனவே நெஞ்சு நோயும் இதய நோயும் உள்ளவர்கள். சவப்பெட்டிக்கும் பூவுக்கும் தட்டுப்பாடு வந்த பிறகுதான் ஊருக்கே உறைத்தது. அரசுக் கணக்கு சுமார் 4,000 பேர். ஆனால் 1953 மார்ச் வரை சாவு வழக்கத்தைவிடக் கூடுதலாகவே இருந்தது. அதை 'இன்ஃபுளுவென்சா' கணக்கில் தள்ளிவிட்டார்கள். ஃபுளுவை மட்டும் வைத்து அத்தனை சாவையும் விளக்க முடியாது, மொத்தம் சுமார் 12,000 பேர் என்று 2001இல் மறுகணக்குப் போட்ட ஆய்வாளர்கள் சொன்னார்கள். அதாவது சுமார் 8,000 பேரை ஒரே சொல்லில் புதைத்திருக்கிறார்கள்.

1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. கரும்புகை அடங்கியது, அந்த வெற்றியை நான் மறுக்கவில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத புகை? 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள் நுரையீரலின் காற்றறைகள் வரை போகிறது. அங்கே அழற்சி உண்டாகிறது. அதில் மிக நுண்ணியவை ரத்தத்திலும் கலக்கின்றன. ரத்தம் எளிதில் உறைகிறது, குழாய்கள் கெட்டிப்படுகின்றன, கடைசியில் மாரடைப்பு. சான்றிதழிலும் 'மாரடைப்பு' என்றுதான் எழுதுவார்கள். பொய்யில்லை, பாதி உண்மை.

2013இல் தென்கிழக்கு லண்டனில், வண்டி ஓயாத சாலைக்குப் பக்கத்தில் வாழ்ந்த ஒன்பது வயதுச் சிறுமி ஆஸ்துமாவால் இறந்தாள். 2014இல் நடந்த விசாரணை மூச்சுத் திணறல் என்று முடித்துக்கொண்டது. தாய் விடவில்லை. 2020 டிசம்பரில் மறுவிசாரணை, சாவுக்குக் காற்று மாசும் காரணம் என்று பதிந்தது. பிரிட்டனில் அப்படி எழுதப்பட்டது அதுதான் முதல் தடவை. 1952இலிருந்து 68 வருஷம்.

நோயின் பெயர் உடம்போடு நின்றுவிடுகிறது. உடம்புக்கு வெளியே இருக்கும் காரணத்தை எழுதினால் யாரோ ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும். அந்த ஒரு வரிக்காகத்தான் அந்தத் தாய் போராடினாள். சாவுகளை எண்ணப் போகிற நாமும் 'என்ன நோய்?' என்பதோடு திரும்பிவிடக் கூடாது. எந்தக் காற்று, யார் விட்ட புகை என்பதையும் கேட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும்.