செண்பகனூர் ஏற்றத்தில் முதல் உந்துகள்

பாரி முல்லைக் கொடிக்குத் தேர் ஈந்தான். பேகன் மயிலுக்குப் போர்வை ஈந்தான். இருவரும் மலைநாட்டுத் தலைவர்களே. எனினும் பேகனின் ஈகைக் கதையில் தேர் இடம்பெறாமை ஒருவகையில் பொருத்தமே எனலாம். அவன் ஆண்ட ஆவினன்குடிக்குத் தெற்கே நிமிர்ந்து நிற்கும் பழனி மலைத்தொடர், சக்கரத்தை எளிதில் ஏற்றுக்கொள்ளாத மலையாகவே நெடுங்காலம் இருந்து வந்தது.

1845இல் அமெரிக்க மறைத்தொண்டர்கள் கோடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினர். 1863இல் மதுரை ஆட்சியர் லெவிஞ்சு ஓடையை மறித்து ஏரி அமைத்தார். 1875இல் தென்னகத் தொடர்வண்டிப் பாதை அம்மையநாயக்கனூர் வழியே சென்றபோது அங்கு எழுந்த நிலையம் ‘கொடைரோடு’ என்று பெயர் பெற்றது. பெயரளவில்தான் ‘ரோடு’ இருந்தது. இறங்கியவர் மாட்டு வண்டியில் பெரியகுளத்துப் பக்கமுள்ள கிருஷ்ணமநாயக்கன் தோப்பு வரை வந்து, அங்கிருந்து குதிரையிலோ, டோலியிலோ, கால்நடையாகவோ மலையேற வேண்டும். செண்பகனூரில் திருஇருதயக் கல்லூரி 1895இல் தோன்றியதும் இக்காலத்தேதான். டோலி சுமந்தோரின் தோள்களே அன்றைய இயந்திரம். அத்தோளுக்குரியவர்களின் பெயர் எந்த நூலிலும் இல்லை.

வத்தலக்குண்டிலிருந்து செண்பகனூர் வழியாகச் செல்லும் மலைச்சாலைக்கு 1870களில் வழி வகுத்தவர் மேஜர் லா என்னும் பொறியாளர். சாலை இன்றும் ‘லாஸ் காட்’ என்றே வழங்குகிறது. ஆனால் அது மோட்டார் ஏறத்தக்கதாக நிறைவெய்த முதல் உலகப் போர்க் காலம் வர வேண்டியிருந்தது. வத்தலக்குண்டு ஈன்ற நாவலாசிரியர் ராஜமய்யர் 1898இல் மறைந்தார். தம் ஊர் வழியே மோட்டார் செல்லும் காட்சியை அவர் காணவில்லை.

சமவெளியில் உந்துகள் முன்னரே வந்துவிட்டன. 1903இல் சென்னை சிம்சன் நிறுவனத்தைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் நீராவிக் கார் ஒன்றை உருவாக்கினார். 1912இல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் மதுரையில் பேருந்துத் தொழிலைத் தொடங்கினார். சமவெளியில் ஓடுவது வேறு, ஏழாயிரம் அடி ஏறுவது வேறு என்பதை அக்கால எஞ்சின்கள் விரைவில் உணர்த்தின.

1908 முதல் 1927 வரை உருவான ஃபோர்டு ‘மாடல் டி’ வண்டியைச் சான்றாகக் கொள்ளலாம். நான்கு சிலிண்டர், இருபது குதிரைத்திறன், முன் செல்ல இரண்டே கியர்கள். எரிபொருளைத் தள்ளித்தரும் பம்ப் அதில் இல்லை. இருக்கைக்கு அடியிலுள்ள தொட்டியிலிருந்து பெட்ரோல் தன் எடையாலேயே வழிந்து எஞ்சினை அடைய வேண்டும். செங்குத்தான ஏற்றத்தில் வண்டியின் முகம் உயரும்; எஞ்சின் தொட்டியினும் மேலே போய்விடும்; பெட்ரோல் வராது. ஓட்டுநர் என்ன செய்வார்? வண்டியைத் திருப்பி, பின்னோக்கியே மலையேறுவார்! பின்செல்லும் கியருக்கு இழுவை மிகுதி என்பதும் இதற்குத் துணை. உலகெங்கும் மலைநாட்டார் கைக்கொண்ட வழி இது. முதுகு காட்டுதல் தமிழ் மரபில் தோல்வியின் அடையாளம். இவ்வண்டிக்கோ அதுவே வெற்றி.

அடுத்தது கொதிப்பு. மாடல் டியில் தண்ணீரைச் சுழற்றவும் பம்ப் கிடையாது. சூடான நீர் மேலெழும், குளிர்ந்த நீர் கீழிறங்கும் என்னும் இயற்கையை நம்பியே ரேடியேட்டர் இயங்கிற்று. மேலே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைவதால் தண்ணீர் விரைவிலேயே கொதிக்கும். கோடைக்கானல் உயரத்தில் ஏறத்தாழ 93 பாகையே போதும். காற்று மெலிவதால் எஞ்சினின் ஆற்றலும் ஐந்தில் ஒரு பங்களவு குறைந்துவிடும். எரிபொருளோ அதே அளவில் பாய்வதால் எரிதல் முழுமையடையாமல் கரும்புகை கக்கும். ஆகவே மலையேறும் வண்டிகள் ஓடைக்கு ஓடை நின்றன. எலிவால் அருவி தெரியும் டம் டம் பாறையிலும், செண்பகனூரை ஒட்டிய வெள்ளி அருவியிலும் இன்றைய பயணியர் காட்சிக்காக நிற்கின்றனர். முன்னோர்க்குத் தண்ணீரே முதற்கவலை. வண்டி நின்ற நொடியில் குதித்துப் பின்சக்கரத்துக்குக் கட்டை போடுவது கிளீனரின் கடமை. கை தவறினால் என்ன நேரும் என்பதைப் பள்ளத்தைப் பார்த்தவர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. ஏறிய கியரிலேயே இறங்கு என்பது மலைச்சாலை ஓட்டுநரின் இலக்கணம், எழுதப்படாத இலக்கணம்.

தென்மாவட்டச் சிற்றூர்களில் காருக்குப் ‘பிளஷர்’ என்று பெயர். இன்பச் செலவுக்கென வந்த ஊர்தியைக் குறித்த ஆங்கிலச் சொல்லை நம் மக்கள் அப்படியே பெயராக்கிக் கொண்டனர். ‘மகிழுந்து’ என்று பின்னாளில் தமிழறிஞர் ஆக்கிய சொல்லிலும் அதே மகிழ்ச்சி ஒலிப்பது எண்ணி மகிழத்தக்கது. மோட்டார் சைக்கிள், தன் ஓசையாலேயே ‘பட்பட்டி’ ஆயிற்று.

இரண்டாம் உலகப் போர் பெட்ரோலைப் பறித்தது. கரி வாயுவால் ஓடும் பேருந்துகள் வந்தன. பின்புறம் பீப்பாய் போன்றதோர் உலை. அதில் அடுப்புக் கரி. அரைகுறையாக எரியும் கரியிலிருந்து பிறக்கும் வாயுவே எரிபொருள். புறப்படும் முன் விசிறியைச் சுற்றி உலையைக் கனியச் செய்ய வேண்டும். சுந்தரம் அய்யங்காரின் நிறுவனமும் இத்தகைய உலையைச் செய்து வழங்கியது. பெட்ரோலில் கிடைக்கும் ஆற்றல் கரியில் கிடையாது. சமவெளியிலேயே மூச்சிரைத்த அவ்வண்டிகளுக்கு ஏற்றம் எத்துணை இடர் தந்திருக்கும் என்பது வெளிப்படை.

விடுதலைக்குப் பின் வந்தவை நம்மவர் பலரும் நேரில் அறிந்தவை. 1957இல் தோன்றி 2014இல் உற்பத்தி நின்ற அம்பாசடரில் எழுவர், எண்மர் அடைந்து ஏறியதுண்டு. மைசூரில் உருவான ஜாவாவில் உதைக்கும் கோலே கியர் மாற்றும் கோலுமாகும். இக்கால இளைஞர் நம்ப மறுப்பர். புல்லட்டை உயிர்ப்பிப்பது தனிக்கலை. சிலிண்டரின் அழுத்தத்தைச் சிறு நெம்புகோலால் விடுவித்து, அம்பியர் முள் நடுவில் நிற்கும் இடம் பார்த்து, பிறகே உதைக்க வேண்டும். பொறுமையற்றவரின் காலை அது திருப்பி அடிக்கும். மலைக்குளிரில் உறைந்த எண்ணெய் இளகாத காலைப்பொழுதில், ஒரே சிலிண்டரின் அந்தத் துடிப்பு முதல் உதையில் எழுந்துவிட்டால் உரியவருக்கு அன்றைய நாள் நல்ல நாளே.

அன்று ஓர் எஞ்சின் ஓசை கேட்டால் ஊரே வாயிலுக்கு வந்தது. இன்றோ நெரிசலைக் கட்டுப்படுத்த, சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகள் கோடைக்கானலுக்கு ஏற இ-பாஸ் பெற வேண்டியதாயிற்று.

புல்லட்டைச் சென்னையில் உருவாக்குவதற்கான கூட்டு நிறுவனம் அமைந்த ஆண்டு 1955. அதே ஆண்டு ஏப்ரல் 28 அன்று, மதுரையில் பேருந்துத் தொழிலைத் தொடங்கிய சுந்தரம் அய்யங்கார், தம் எழுபத்தெட்டாம் வயதில், மோட்டார் ஏறிவந்த இதே மலையின் உச்சியில், கோடைக்கானலில் காலமானார்.