துயிலும் நினைவும்: கார்னெல் ஆய்வு

தேர்வுக்காலத்தில் மாணவர் விடுதிகளில் விளக்குகள் விடியுமளவும் எரிதலை யாம் ஆண்டுதோறும் காண்கிறோம். துயிலிற் கழியும் பொழுது கல்விக்கு இழப்பே என்னும் எண்ணம் இதற்கு அடிப்படையாகும். இவ்வெண்ணம் அளந்து ஆராயப்பட்ட வரலாறு ஈண்டு நோக்கத்தக்கது.

செருமானிய உளநூலறிஞர் எபிங்ஹாஸ் 1885-இல் மறதி பற்றிய நூலை வெளியிட்டார். பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, இடைவிட்டு மீண்டும் கற்று, மிச்சமான உழைப்பைக் கணக்கிட்டார். ஏறத்தாழ ஒன்பது மணி நேரத்தின்பின் எஞ்சியது நூற்றுக்கு 35.8, ஒருநாள் கழிந்தபின் 33.7, இருநாள் கழிந்தபின் 27.8. முதலிரண்டு அளவுகட்கும் இடையே இழப்பு மிகச் சிறிதாயிருத்தல் அவரையே ஐயுறச் செய்தது. இடையில் இரவும் துயிலும் வந்தமையை அவர் கருதாமலில்லை; ஆயினும் துயிலால் இத்துணை வேறுபாடு நேர்தல் நம்பத்தக்கதன்று எனக் கொண்டு, தற்செயற் பிழையென ஒதுக்கினார். சுவடியிற் கண்ட நல்ல பாடத்தை ஏடெழுதினோர் பிழையெனத் தள்ளிவிடும் பதிப்பாசிரியரை இஃது எமக்கு நினைவூட்டுகின்றது.

1896-இல் அயோவாப் பல்கலைக்கழகத்தில் பேட்ரிக், கில்பர்ட் என்போர் இளைஞர் மூவரைத் தொண்ணூறு மணி நேரம் துயிலாதிருக்கச் செய்தனர். மூவருள் ஒருவருக்குத் தரை முழுதும் அசையும் துகள்கள் படர்ந்தனபோலத் தோன்றிற்று. நினைவாற்றலும் குன்றியது.

எபிங்ஹாஸ் ஒதுக்கியதை மீண்டும் எடுத்து ஆராய்ந்தவர் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஜென்கின்ஸ், டாலன்பாக் ஆகிய இருவர். இவர்தம் கட்டுரை 1924-இல் வெளிவந்தது. ஆய்வுக்கு உட்பட்டோர் மாணவர் இருவரே. அவர்கள் ஆய்வுக்கூடத்தை அடுத்தே உறங்கினர். பத்துப் பத்தாக அசைகளைக் கற்று, ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு மணி நேரங்களின்பின் ஒப்பித்தனர். துயின்ற நாட்களில் எழுப்பி வினவப்பட்டனர். எட்டு மணி நேரம் துயின்றபின் பாதிக்கு மேற்பட்ட அசைகள் நினைவிருந்தன; விழித்திருந்தபின் ஓரசையளவே எஞ்சிற்று. துயிலில் முதலிரண்டு மணியோடு மறதி ஏறத்தாழ நின்றுவிட்டமை இன்னும் வியப்பானது. விழிப்பில் வந்து குவியும் புதியனவே பழையதை மறைக்கின்றன என அவர்கள் முடிவு கூறினர். துயில் அவ்வாறு வாளா காப்பதன்றி, கற்றதை நிலைப்படுத்தும் தொழிலையும் உடையது என்பது பின்வந்த ஆராய்ச்சியாளர் பலர் கருத்து.

இருவரை மட்டும் கொண்டு செய்த ஆய்வு இது. இரவிற் கற்றலும் பகலிற் கற்றலும் ஒரு தன்மையனவல்ல என்னும் தடையும் உண்டு. மேலும், கற்றவை பொருளற்ற அசைகள். எதுகையும் மோனையும் தாமே நினைவைத் தாங்குவன. ஆதலின் செய்யுள் மனப்பாடத்திற்கு இவ்வளவுகளை அவ்வாறே ஏற்றியுரைத்தல் பொருந்தாது.