தேன் கொடுக்காத தேனீக்களின் கணக்கு



தேனீ என்றதும் உங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது எது? ஒன்று தேன் பாட்டில், இல்லாவிட்டால் கொட்டு. நம் நாட்டில் நெடுங்காலம் தேனீக்குக் கணக்கு எழுதியதும் தேனை வைத்துத்தான். அதில் எழுதாமல் விட்டுப்போன ஒரு பெரிய வரவைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் தேன் சேர்க்கும் நாட்டுத் தேனீக்கள் முக்கியமாக நான்கு வகை. பாறையிலும் உயர்ந்த மரத்திலும் நம் பால்கனிக்கு அடியிலும் ஒற்றை அடையாகத் தொங்குவது மலைத்தேனீ. சிறு கிளையில் கையளவு அடை கட்டுவது கொம்புத்தேனீ. மரப்பொந்தில் அடுக்கடுக்காகக் கட்டுவது அடுக்குத்தேனீ. சுவர் இடுக்கில் குடியிருக்கும், கொட்டத் தெரியாத சின்னது கொசுத்தேனீ. முதல் இரண்டும் திறந்த வெளியில் வாழ்பவை, பெட்டிக்குள் அடங்காதவை. பழைய நாளில் தேன் வேண்டுமென்றால் புகை போட்டு அடையை அறுப்பார்கள். கூடு அத்தோடு சரி.

அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் என்ற பாதிரியார் 1851இல் சட்டங்களைக் கழற்றி மாட்டக்கூடிய தேன்பெட்டிக்கு வழி கண்டார். ஆனால் அது பெரிய உடல் கொண்ட ஐரோப்பியத் தேனீக்கு ஏற்ற பெட்டி. நம் அடுக்குத்தேனீ சிறியது. அதற்கேற்ற சிறிய பெட்டியைத் திருச்சியில் வடிவமைத்தவர் நியூட்டன் பாதிரியார். 1911 முதல் 1917 வரை அவர் கிராமத்து மக்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார். நியூட்டன் பெட்டி என்ற பெயர் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 1920களில் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் தலைமையில் ஒய்.எம்.சி.ஏ.வின் கிராம முன்னேற்ற மையம் தேனீ வளர்ப்பைக் குடிசைத் தொழிலாகப் பரப்பியது. அப்போது அது திருவிதாங்கூர்ச் சீமை. அந்த வட்டாரத்தில் ஏழைக் குடும்பங்களுக்குத் தேன்பெட்டி ஒரு கூடுதல் வருமானமாயிற்று.

அந்தத் தொழிலுக்கு 1991, 1992ஆம் ஆண்டுகளில் விழுந்தது பெரிய அடி. தாய் சாக்ப்ரூட் என்ற வைரஸ் நோய் கேரளத்திலும் தமிழகத்திலும் பரவியது. புழு கூட்டுப்புழுவாக மாறும் முன்பே நீர் நிறைந்த பைபோல ஊதிச் செத்துவிடும். அடுத்த தலைமுறை வராமல் கூட்டம் அழியும். அடுக்குத்தேனீப் பெட்டிகளில் பெரும்பாலானவை காலியாயின.

அதன் பிறகு தெற்கே வந்தது இத்தாலியத் தேனீ. 1960களில் காங்ரா பள்ளத்தாக்கின் நக்ரோட்டாவில் வளர்க்கப்பட்டு வட இந்தியாவில் வேரூன்றிய அயல்நாட்டு இனம் அது. தேன் அதிகம் கிடைத்தது. மற்றொரு பக்கம், நோயைத் தாங்கி எஞ்சிய அடுக்குத்தேனீக் கூட்டங்களைப் பெருக்கியதால் நம் சொந்தத் தேனீயும் மெல்ல மெல்ல மீண்டது. எஞ்சியவை என்று சில இல்லாதிருந்தால் எதைப் பெருக்கியிருப்பார்கள்? வங்கியில் வேலை பார்த்தவனுக்கு இதைக் கேட்டதும் ரிசர்வ் நிதிதான் ஞாபகம் வருகிறது.

தேனில் ஏற்பட்ட இழப்பை இன்னொரு தேனீயை வைத்து ஈடுகட்டினோம். எல்லா வேலைக்கும் அப்படி மாற்று ஆள் கிடைப்பதில்லை. கத்தரிப்பூவையும் தக்காளிப்பூவையும் பாருங்கள். மகரந்தப் பையின் நுனியில் சிறு துளைதான் இருக்கும். பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்தால்தான் தூள் நன்றாக உதிரும். இந்த வித்தை பெட்டித் தேனீக்குத் தெரியாது. நீலப் பட்டைத் தேனீக்கும், நாம் கருவண்டு என்று பயந்து துரத்துகிற தச்சுத்தேனீக்கும் தெரியும். முருங்கைப்பூவுக்கும் இவை இரண்டும் முக்கியமான விருந்தாளிகள். இவை விற்பனைக்குத் தேன் தருவதில்லை. அதனால் யாரும் இவற்றைக் கணக்கில் எடுக்கவில்லை. நம் சாம்பாரில் மிதக்கும் கத்தரிக்காயிலும் முருங்கைக்காயிலும் இவற்றின் உழைப்பும் இருக்கிறது.

மலைத்தேனீயும் காட்டு மரங்களிலிருந்து ஏலம், காப்பி வரை மகரந்தம் சுமக்கிறது. ஐ.நா. ஆதரவில் இயங்கும் பல்லுயிர் அறிவியல் குழு 2016இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகின் முக்கிய உணவுப் பயிர்வகைகளில் 75 சதவீதத்துக்கும் மேற்பட்டவை ஓரளவாவது மகரந்தம் சுமக்கும் உயிர்களை நம்பியிருக்கின்றன. உலகில் காட்டுத் தேனீ இனங்கள் மட்டும் 20,000க்கு மேல். அவற்றில் மிகப் பெரும்பாலானவை நாம் பெட்டியில் வளர்க்க முடியாதவை.

இனி நம் வளாகத்துக்கு வருகிறேன். மலைத்தேனீ நிரந்தரக் குடித்தனக்காரர் அல்ல. பூக்கும் காலத்தில் வந்து, சில மாதம் இருந்து, தானே கிளம்பிவிடும். அடையைக் கண்டவுடன் மருந்தடிக்க ஆள் கூப்பிடாதீர்கள். கல் எறிய வேண்டாம், பட்டாசு வேண்டாம், புகை வேண்டாம். இரவில் அந்தப் பக்கத்துப் பால்கனி விளக்கை அணைத்து வையுங்கள். விளையாட்டுத் திடலுக்கோ நடைபாதைக்கோ மிக அருகில் இருந்தாலும், வீட்டில் யாருக்காவது கொட்டினால் ஒவ்வாமை வரும் என்றாலும், சங்க அலுவலகத்தில் சொல்லுங்கள். தேனீயைக் கொல்லாமல் அகற்றத் தெரிந்தவர்களை அழைக்கலாம். அதுவரை அந்தப் பக்கம் கயிறு கட்டித் தடுத்தால் போதும்.

தோட்டக் குழுவினருக்கும் ஒரு வேண்டுகோள். தனித்து வாழும் தேனீக்களில் பல மண்ணில் வளை தோண்டி முட்டையிடும். எனவே எல்லா இடத்திலும் சிமெண்ட் கல் பதிக்காமல் ஓர் ஓரத்தில் வெறும் மண் விடுங்கள். காய்ந்த மூங்கில் துண்டுகள் சிலவற்றைக் கட்டி வைத்தால் தச்சுத்தேனீக்கு வீடு ஆகும். துளசியைப் பூக்க விடுங்கள். செடி பூத்திருக்கும் நேரத்தில் பூச்சிமருந்து தெளிக்காதீர்கள்.

பராமரிப்புக் கட்டணம் வாங்காமல் நம் மாடித் தோட்டங்களில் வேலை பார்க்கிறவர்கள் இவர்கள் மட்டும்தான். இடத்தையாவது விட்டுக்கொடுப்போமே.