ஓவியா என்னும் பெயர்

பெயர் என்பது அழைத்தற்கு மட்டும் உரியதன்று. அதனை இட்டவர்தம் காலத்தையும் கருத்தையும் காட்டுவதுமாகும். நான் ஆசிரியப் பணி ஏற்ற நாளில், வருகைப் பதிவேட்டில் வசந்தி, சுமதி, கவிதா என்னும் பெயர்களே மிகுந்திருந்தன. ஓய்வுபெறுங் காலத்தில் இனியா, ஓவியா எனப் புதுப்பெயர்கள் வந்து சேர்ந்தன. அவற்றுள் ஓவியா என்பதன் பொருளை, ஓவியத்தாற் புகழ்பெற்ற சித்தன்னவாசலோடு சேர்த்து எண்ணிப் பார்ப்போம்.

ஓவு, ஓவம் என்னும் சொற்கள் சங்க நூல்களிலேயே சித்திரத்தைக் குறிக்கின்றன. ஓவியம் என்னும் வடிவம் மணிமேகலையில் வருகின்றது. ஆகவே, இப்பெயரின் வேர் பழந்தமிழ், ஈறுதான் புதிது. ஆதிமந்தி, கண்ணகி, மணிமேகலை, ஔவை எனப் பண்டைப் பெண்பாற் பெயர்கள் இகரத்திலும் ஐகாரத்திலும் முடிந்தன. கமலா, விமலா போன்ற வடமொழிப் பெயர்களின் ஆகார ஈற்றை ஓவியா தழுவிக்கொண்டது. 1916-இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம், தமிழில் பெயரிடும் வேட்கையை வளர்த்தது. இக்காலப் பெற்றோர் அத்துடன் புதிய ஓசையையும் விரும்புகின்றனர். இரு விருப்பமும் ஒருங்கே நிறைவேறுவதே இப்பெயரின் கவர்ச்சி எனலாம்.

இதில் இலக்கண நயம் ஒன்றும் உண்டு. சோழன் என்பது விளியில் சோழா என்றாவது போல, ஓவியன் என்பதும் ஓவியா என்றாகும். மகளை அழைக்குந்தோறும் பெற்றோர் ஓர் ஓவியனையும் அழைக்கின்றனர்! அத்தகைய ஓவியர்தம் கைவண்ணத்தைக் காண, புதுக்கோட்டைக்கு வடமேற்கே ஏறக்குறைய 16 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சித்தன்னவாசலுக்குச் செல்லுதல் வேண்டும்.

அங்குள்ள அறிவர் கோயில் ஒரு சமணக் குடைவரை. அதன் விதானத்தில் தாமரைக் குளம் ஒன்று தீட்டப்பட்டுள்ளது. மீனும் அன்னமும் யானையும் எருமையும் அதில் உள்ளன. மூவர் மலர் கொய்கின்றனர். தூண்களில் ஆடல் மகளிர் விளங்குகின்றனர். சுண்ணம், கரி, காவிக்கல் முதலியவற்றால் ஆகிய வண்ணங்கள் அவை. பாண்டியன் அவனிபசேகரன் சீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அக்கோயிலைப் புதுப்பித்து முகமண்டபம் எடுத்ததை, 9-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு அங்கே கூறுகின்றது. தீட்டியவர் பெயரோ அதில் இல்லை.

தம் பெயரை எழுதாது ஓவியத்தை மட்டும் நமக்கு விட்டுச் சென்றனர் அவர்கள். நம் நாட்டுத் தொல்லிடங்கள் பலவற்றிலோ, வந்து காண்போர் தம் பெயரைச் சுவரிற் கீறிச் செல்கின்றனர். அக்கீறல் ஒரு நொடியில் அழிப்பதை எந்நாளும் மீட்க இயலாது. எஞ்சியுள்ள வண்ணமும் சிறிதே. மாணவர்களே, நீங்கள் அங்குச் செல்லும்போது கண்ணாற் காணுங்கள், கையாற் தீண்டாதீர்கள். ஓவியா என்று பெயர் பெற்ற குழந்தைகள் வளர்ந்து வருகையில், தம் பெயரின் பொருளைக் காட்ட அத்தாமரைக் குளம் அங்கே இருத்தல் வேண்டும்.